பெயர் வெட்டும் யந்திரம்

நம் வீடுகளில் பெயர் இல்லாத பாத்திரம் அபூர்வம். பாட்டியின் பித்தளை அண்டாவை எடுத்துப் பாருங்கள். கழுத்தோரத்தில் புள்ளி புள்ளியாக அவளுடைய பெயரோ, சீர் செய்த தகப்பனாரின் பெயரோ, கல்யாணத் தேதியோ இருக்கும். சிற்றுளியும் சுத்தியுமாகப் பாத்திரக் கடையில் ஒருவர் தட்டித் தட்டி வெட்டிக் கொடுத்தது அது. இரவல் போன அண்டா ஒழுங்காக வீடு திரும்புவதற்கு அந்தப் புள்ளிகள்தானே சாட்சி!

உலோகத்தில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டு ராஜேந்திர சோழன் காலத்துச் செப்பேடுகள் கிடைத்தன. 31 ஏடுகள்! அத்தனை எழுத்தும் கையால் வெட்டியவை.

அதே மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஊத்துக்கோட்டை. தமிழும் தெலுங்கும் சேர்ந்து புழங்கும் ஊர். கிழக்கே போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இந்த வட்டாரத்தில் எழுத்து வெட்டும் கடை வைப்பவரிடம் இரண்டு விதமான வேலைகள் வரக்கூடும். ஒன்று, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கேடயம். மற்றொன்று, தொழிற்சாலை மோட்டாரிலும் வால்வுகளிலும் பதிக்கும் தகடு. இரண்டிலும் பெரும்பகுதி வாசகம் ஒன்றேதான். பெயரும் எண்ணும் மட்டும் மாறும்.

120 கேடயம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தின் பெயரை 120 தடவை தட்டச்சு செய்தால் கை சலிக்கும், கண் மங்கும், பிழை புகும். இந்தச் சள்ளையைத்தான் கம்ப்யூட்டர் தீர்த்து வைக்கிறது. கேடயத்தின் அமைப்பை ஒரே ஒரு தடவை வரைந்து, பெயர் வரும் இடத்தைக் காலியாக விட வேண்டும். பெயர், வகுப்பு, பரிசு என்று கட்டம் போட்டு ஒரு ஜாபிதா தயாரிக்க வேண்டும். அப்புறம் வரிசை வரிசையாக எடுத்துக் காலி இடத்தில் நிரப்புவது கம்ப்யூட்டரின் பொறுப்பு. வெட்டுவது லேசர் யந்திரத்தின் பொறுப்பு. மோட்டார்த் தகட்டின் வரிசை எண்ணைக்கூட அதுவே ஒவ்வொன்றாகக் கூட்டிக் கொள்ளும்.

ஆனால் தமிழ் என்று வந்தால் சில சங்கடங்கள் உண்டு. ‘மீனா’வுக்குப் போதுமான இடம் ‘மீனாட்சிசுந்தர’த்துக்குப் போதுமா? பக்கவாட்டில் நெருக்கினால் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக் கொள்ளும். எழுத்தை முழுதுமாகச் சிறிதாக்குவது அல்லது இரண்டு வரியாகப் பிரிப்பது உத்தமம்.

இன்னொன்று, எழுத்து முறை. முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தமிழ் எழுத்துக்கு ஒவ்வொரு விதமாக எண் கொடுத்தது. ஒன்றில் அடித்த பெயர் மற்றொன்றில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்ற பிறகு இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது. இருந்தாலும், சில யந்திரங்களின் புரோகிராமுக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டத் தெரியாது. ‘கொ’ என்றால் கொம்பும் காலும் ககரத்தை விட்டு விலகி நிற்கும்! தமிழ் தெரிந்த வேறு புரோகிராமில் பெயரை அமைத்து, படமாக மாற்றிக் கொடுப்பதே இதற்குப் பரிகாரம்.

எல்லாம் சரி, ஜாபிதாவில் ‘ரமணி’ ‘ரமனி’ ஆகிவிட்டால்? யந்திரத்துக்கு ரமணியைத் தெரியாது. கொடுத்ததை அப்படியே வெட்டிவிடும். காகிதமானால் அழிக்கலாம், உலோகத்தில் வெட்டியதை என்ன செய்வது? மேடை ஏறிப் பரிசு வாங்கும் குழந்தை முதலில் பார்ப்பது தன் பெயரைத்தானே! வால்வுத் தகட்டில் அழுத்தத்தின் அளவு தவறிவிட்டாலோ, அது ஆளுக்கே ஆபத்தாய் முடியலாம்.

ஆகையால், பெயர் வெட்டக் கொடுக்கும் சகோதரிகள் மூன்று காரியம் செய்யுங்கள். பெயர்களை டெலிபோனில் வாயால் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். கடைக்காரர் மறுபடி தட்டச்சு செய்யாமல் அதையே எடுத்துக் கொள்ளட்டும். வெட்டுமுன் காகிதத்தில் ஒரு பிரதி கேளுங்கள். ஒருவர் ஜாபிதாவைப் படிக்க, மற்றவர் பிரதியைச் சரிபாருங்கள். எண்ணிக்கையையும் மறவாதீர்கள்.

கடைக்காரருக்கும் இதில் நஷ்டமில்லை. தட்டச்சில் மிஞ்சிய நேரத்தில் கால்வாசியைச் சரிபார்க்கச் செலவிட்டால் போதும். பாட்டியின் அண்டாவில் பெயர் வெட்டியவரும் உளியை எடுக்குமுன் பெயரை ஒரு தடவை கேட்டுக் கொண்டுதானே வெட்டியிருப்பார்!