நடவுக்காரி மகள் கணக்கெடுக்கட்டும்

1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தார். விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் அந்த ஊரையே கணக்கெடுத்து வர வேண்டும்: எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன். அப்படி எழுதப்பட்ட ஊர்களில் ஒன்று பாலக்குறிச்சி. அன்று தஞ்சை ஜில்லா, இன்று நாகப்பட்டினம் மாவட்டம். 1918-ல் அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில் நூலாக வந்தன.

அன்று கல்லூரிப் படியேறியவர்கள் பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். பண்ணையாள் வீட்டுப் பிள்ளையின் பெயர் கணக்கில் ஏறியது. பேனா அவன் கைக்கு வரவில்லை.

பிறகும் ஆய்வாளர்கள் தஞ்சை டெல்டாவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். 1951-ல் காத்லீன் கஃப் வந்தார். அவர் 'கும்பப்பேட்டை' என்று புனைபெயரிட்ட ஊருக்கு 1976-ல் திரும்பவும் வந்து, என்ன மாறியது என்று பார்த்தார். 1960-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தேய் 'ஸ்ரீபுரம்' என்று அவர் அழைத்த ஊரின் அக்ரகாரத்தில் தங்கினார். சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றி அவர் 1965-ல் வெளியிட்ட நூல் உலகெங்கும் சமூகவியல் வகுப்புகளில் பாடமானது. அக்ரகாரத்தில் தங்கியதால் மற்றத் தெருக்களில் தம்மால் அந்த அளவுக்குப் பழக முடியவில்லை என்று அவரே நேர்மையாக எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நூல் வந்த மூன்றாம் ஆண்டு, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில், அப்படிப்பட்ட ஒரு தெருவில், 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள்.

இன்று அந்தத் தெருக்களிலிருந்து பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர் அரசுக் கல்லூரிகளின் வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியைப் பார்ப்பவர்கள். அம்மா அந்நேரம் சேற்றில் நாற்று முடியைப் பிரித்துக்கொண்டிருப்பாள். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 முதல் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024-ல் மாணவர்களுக்கும் 'தமிழ்ப் புதல்வன்' வந்தது. மனதார வரவேற்க வேண்டிய திட்டங்கள். அந்தப் பணம் வந்தபின் அம்மா ஒரு நாள் கூலி வேலையாவது குறைத்தாளா? ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது? இதை அந்தப் பெண்ணைவிட நன்றாக யார் எழுத முடியும்?

ஆனால் அவளிடம் நாம் கேட்பது வேறு. இளங்கலை கடைசிப் பருவத்தில், 'இருசக்கர வாகன வாடிக்கையாளர் திருப்தி' போன்ற தலைப்பில் ஒரு ப்ராஜெக்ட். கடையில் டைப் அடித்து, ரெக்சின் அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் பொறித்துக் கொடுத்தால் மதிப்பெண். காத்லீன் கஃப் என்ற பெயரைக் கேள்விப்படாமலே, அவர் எழுதிய வயல்களின் வழியாகப் போய் அவள் பட்டம் வாங்கிவிடுகிறாள். இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

அவளுக்குத் தெரிந்ததில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: வாய்மொழிக் குத்தகை. அப்பா உழுகிறார், விதைக்கிறார், கடன் வாங்கி உரம் போடுகிறார். நில உரிமையைக் காட்டும் சிட்டா வேறொருவர் பெயரில். கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கும்போது சாகுபடிச் சான்றான அடங்கல் கேட்கிறார்கள். நில உடைமையாளரிடம் போய் நிற்க வேண்டும். பயிர் மூழ்கினால் நிவாரணமும் காகிதத்தில் பெயர் உள்ளவருக்கே. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயத்துக்குச் சட்டத்தில் மருந்து இல்லை. வெளியாள் இதைப் புரிந்துகொள்ள இரண்டு போகம் ஊரில் தங்க வேண்டும். இவள் இதைச் சோற்றோடு கேட்டு வளர்ந்தவள். அறுவடை இயந்திரம் வந்து பெண்களின் கூலி நாட்களை விழுங்கியதும், அண்ணன் திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனதும் அவள் வீட்டுக் கதைதான்.

சொந்தத் தெருவை எழுதினால் சாய்வு வராதா என்று கேட்கிறார்கள். வரும். அக்ரகாரத் திண்ணையிலிருந்து பார்த்தபோதும் வந்தது. அதைக் களையத்தான் ஆய்வு முறையைக் கற்பிக்க ஆசிரியர் இருக்கிறார்.

பாரதிதாசன் பல்கலைக்கழகமும் டெல்டாவின் கல்லூரிகளும் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு மாணவியும் தன் ஊரில் இருபது வீடுகளைத் தமிழில் கணக்கெடுத்து எழுதட்டும். அதை ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். கஃப், பெத்தேய் நூல்களைத் தமிழில் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஆசிரியர்களே, முதல் வினாப்பட்டியலைச் சம்பா நடவுக்கு முன் அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.