நாற்பது அடி ரோட்டு மயக்கம்

உறவினர் ஒருவர் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் மனை வாங்கியிருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனோம். கூட வந்த அத்தனை பேரும் சொன்னது ஒன்றே: “நாற்பது அடி ரோடு! இனி என்ன வேணும்?” மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நான் கேட்டேன். விற்க வந்த பையன் “அப்ரூவ்டு லேஅவுட் சார்” என்றான். நல்ல காரியத்தில் இப்படியா கேட்பது என்பதுபோல உறவினர் என்னை முறைத்தார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ரோடு அகலமாக இருந்தால் நகர் நன்றாக இருக்கும் என்று நம் ஜனங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? 23 அடி என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். 30 அடி என்றால் தலையாட்டுகிறார்கள். 40 அடி என்றால் சதுர அடிக்கு எவ்வளவு கேட்டாலும் கொடுக்கிறார்கள். காருக்குத்தான் அகலம் வேண்டும். தண்ணீருக்கு வாட்டம் வேண்டும். குளியலறைத் தரையில் வாட்டம் சரியில்லை என்றால் கொத்தனாரை நிற்க வைத்துச் சண்டை போடுகிற நாம், நூற்றுக்கணக்கான வீடுகள் வரப்போகிற ஒரு நகருக்கு வாட்டம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

செட்டிநாட்டு ஊர்களைப் போய்ப் பாருங்கள். கானாடுகாத்தானில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. வீட்டு முற்றத்தில் விழுகிற மழையில் வீட்டுக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத் தெருக் கால்வாயில் விட்டார்கள். அது ஊரணிக்குப் போய்ச் சேர்ந்தது. வறண்ட சீமையில், எந்த அப்ரூவலும் இல்லாத காலத்தில் செய்த வேலை அது. அங்கேயும் தெருக்கள் அகலம்தானே என்பீர்கள். அகலம்தான். ஆனால் அந்த ஊர்களைக் காப்பாற்றியது அகலம் அல்ல, வாட்டமும் ஊரணியும்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? வயலை வாங்குகிறோம். வாய்க்காலை மூடுகிறோம். கிராவல் அடித்து நிலத்தை உயர்த்துகிறோம். தாழ்வான இடமென்றால் நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்க வேண்டும். அதிலும் பெரும்பாலும் வருகிற நிபந்தனை, இவ்வளவு உயரத்துக்கு மண் கொட்டு என்பதுதான். நம் மனை மேடாகிறது. பக்கத்தில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறவனின் வீடு பள்ளமாகிறது. அவன் வீட்டுக்குள் புகுகிற தண்ணீர் நாம் தள்ளிவிட்ட தண்ணீர். அடுத்து வருகிற லேஅவுட் இன்னும் ஒரு அடி உயர்த்தும். அப்போது மூழ்குவது நாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையை ஒட்டிய முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்களே, அங்கே என்ன ரோடா இல்லை?

சென்னையின் தியாகராய நகரே 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் போட்ட மனைப்பிரிவு. அரசாங்கமே திட்டமிட்டது, பூங்காவும் அகலத் தெருக்களும் வைத்தது. 2021 நவம்பர் மழையில் அங்குள்ள ஜி.என். செட்டி சாலையிலேயே தண்ணீர் தேங்கி நின்றது. இதற்கு மேல் எவ்வளவு அகலம் வேண்டும்? கானாடுகாத்தானில் ஊரணியை வெட்டி ஊரைக் கட்டினார்கள். சென்னையில் ஏரியை மூடி ஊரைக் கட்டினோம்.

அப்ரூவல் என்கிற சொல்லுக்கு இப்போது தெய்வ வாக்கின் மரியாதை வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது சரியான காரியம். ஆனால் அன்று முதல் ‘அப்ரூவ்டு’ என்ற முத்திரை விழுந்தால் யோசிக்கவே வேண்டாம் என்றாகிவிட்டது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில், சாலை போக மீதியில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. எந்த மூலையில் கொடுக்கிறார்கள்? விலை போகாத மூலையில். நிலம் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே அதை ஒதுக்கி ஊரணியாக வெட்டினால் என்ன? மாட்டார்கள். கொடுத்த மூலையில் ஒரு சறுக்குமரத்தை நட்டு, சுற்றுச்சுவர் எழுப்பி, பூட்டும் போட்டுவிடுவார்கள்.

அந்த நாற்பது அடி ரோடுதான் எங்கே போகிறது? பக்கத்து லேஅவுட்டின் மதில்வரை. இருநூறு அடி தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் மெயின் ரோட்டுக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். அவர்கள் நடக்க நடைபாதை கிடையாது. நிழலுக்கு மரம் கிடையாது. மரம் வைத்தால் கார் நிறுத்த முடியாதாம். தெருக்குத்து மனையா என்று வாஸ்துக்காரரைக் கூட்டிவந்து பார்க்கிறவர்கள், இதில் ஒன்றைக்கூடப் பார்ப்பதில்லை.

பிறகு ரோடு போடுகிற கூத்து. பழைய தார்மேல் புதுத் தார், அதன்மேல் இன்னொரு தார். ஒவ்வொரு முறையும் வீட்டு வாசல் கீழே போகிறது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். உத்தரவுக்குப் பிறகும் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குகிறவர்களுக்கு வேலை குறையவில்லை. பாடுபட்டுக் கட்டிய வீட்டை மறுபடி கடன் வாங்கித் தூக்குகிற கொடுமை எந்தச் சமூகத்துக்கும் வரக் கூடாது.

மனைப்பிரிவு வரைபடத்தில் சாலை அகலத்தை எழுதுவதுபோல நிலமட்டத்தையும் எழுதச் சொல்ல வேண்டும். தண்ணீர் எங்கே இறங்கி, எந்த வாய்க்கால் வழியாக, எந்த ஏரிக்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டாத லேஅவுட்டுக்கு அப்ரூவல் கொடுக்கக் கூடாது. அந்த வரைபடத்தைக் கிரயப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். அரசாங்கம் செய்கிறவரை, வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதைக் காட்ட மறுக்கிற ப்ரோமோட்டர் எண்பது அடி ரோடே போட்டிருந்தாலும், அவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.