யார் கண்ணில் விரிகிறது ஈரான்?

2013 மார்ச்சில் சிகாகோ பொதுப் பள்ளிகளின் நிர்வாகம், மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ என்ற கிராஃபிக் நாவலை ஏழாம் வகுப்பிலிருந்து விலக்கச் சொன்னது. அதிலுள்ள சித்திரவதைக் காட்சிகள் அந்த வயதுக்கு ஆகாதாம். மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். நூலகத்தில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நிர்வாகம் ஓரடி இறங்கிவந்தது. கருத்துச் சுதந்திரச் சண்டையாகவே அந்த விவகாரம் நினைவில் நிற்கிறது. என் வருத்தம் வேறு. விலக்கியவர்கள் அந்தச் சித்திரவதைப் பக்கத்தைப் பார்த்தார்கள், படிக்கவில்லை.

ஈரான் மன்னர் ஷாவின் சிறையிலிருந்து விடுதலையான இருவர், சத்ரபியின் சிறுவயது உருவமான மார்ஜியின் வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே நடந்ததைச் சொல்கிறார்கள். அதிர்ந்துபோன பெற்றோருக்கு, குழந்தையை அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு கைதி துண்டு துண்டாக வெட்டப்பட்டதை அவளும் கேட்கிறாள். அடுத்து வரும் படத்தில் ரத்தமே இல்லை. கழற்றிப் போட்ட பொம்மையைப் போல, உள்ளே வெற்றாக, விளிம்பு பிசகாமல் கிடக்கின்றன கைகால்கள். வெட்டுப்பட்ட உடலை ஒருநாளும் பார்த்திராத சிறுமியால் அப்படித்தான் கற்பனை செய்ய முடியும். அயர்ன் பாக்ஸால் சுட்டதைக் கேட்டபின் வீட்டிலிருக்கும் அயர்ன் பாக்ஸையே மிரண்டு பார்க்கிறாள். இது சிறையின் படமல்ல. சிறையைப் பற்றிக் கேட்ட குழந்தையின் மனம். கதையில் பார்வைக் கோணம் என்றால் என்ன என்று கற்பிக்க இதைவிடத் தோதான பக்கம் எனக்குத் தெரியவில்லை. தடை விழுந்ததோ அதன் மேலேயே.

படம் இருப்பதால் சுலபம், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஆகும் என்றுதான் கிராஃபிக் நாவலைப் பள்ளிகள் பலவும் உள்ளே விடுகின்றன. சுலபம் என்பதே தப்புக் கணக்கு. உரைநடையில் ‘நான்’ என்று எழுதினால் பேசுபவரின் முகம் தெரியாது. சத்ரபியிடம் அந்த ‘நான்’ இரண்டாகப் பிரிகிறது. கட்டத்தின் மேலே ஓடும் வரிகளில் பேசுபவர், பாரிஸில் உட்கார்ந்து 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்களாக இதை வெளியிட்ட பெண். கீழே விழித்துக்கொண்டு நிற்பவள் பத்து வயது மார்ஜி. இருவரும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. முதல் பக்கத்திலேயே முக்காடு போட்ட மாணவிகளின் வகுப்புப் படம் வருகிறது. மார்ஜி அதன் ஓரத்தில் கட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டுப் போகிறாள். அடையாளத்தை அரசு பறித்ததைப் பற்றி ஒரு வரி விளக்கம் கிடையாது. கட்டத்தின் ஓரமே சொல்லிவிடுகிறது.

இன்னொரு பக்கத்தைக் குறைந்தது ஒரு பாடவேளை முழுக்க வைத்துக்கொள்ளலாம். ஈராக்குடனான போருக்குப் போகும் ஏழைப் பையன்களுக்குத் தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் சாவிகள் தருகிறார்கள், சொர்க்கத்தைத் திறப்பதற்கு. மேல் கட்டத்தில் கண்ணிவெடியில் அந்த உடல்கள் கறுப்பு நிழல்களாகத் தெறிக்கின்றன, கழுத்தில் சாவியோடு. கீழ் கட்டத்தில் மார்ஜி தன் முதல் பார்ட்டியில் ஆடுகிறாள். அம்மா பின்னிக்கொடுத்த ஓட்டை ஸ்வெட்டர், கழுத்தில் ஆணி கோத்த சங்கிலி. துள்ளும் கைகால்கள் இரண்டு கட்டங்களிலும் ஒரே மாதிரி. வரிகளில் பேசும் பெண் இரண்டையும் ஒப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. வரைந்த கை ஒப்பிட்டுவிட்டது. குற்றவுணர்வு யாருடையது, ஆடும் சிறுமியுடையதா, வரையும் பெண்ணுடையதா? மாணவர்கள் அடித்துக்கொள்ளட்டும், ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் போதும்.

ஒரு ஆபத்தும் உண்டு. மார்ஜியையே ஈரான் என்று வகுப்பு எடுத்துக்கொள்ளும். வியன்னாவுக்குப் படிக்கப் போனவள் ஒரு கட்டத்தில் தன்னைப் பிரெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொள்வதையும், பிறகு ஈரானியப் பெண் என்று கத்துவதையும் அடையாளச் சிக்கலாக எழுதிப் பிள்ளைகள் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்த அடையாளத்துக்குள் வர்க்கம் இருப்பது அவர்கள் கண்ணில் படாது. இவள் தாத்தா இளவரசர். வீட்டில் மார்க்ஸ் புத்தகம். கூடவே மெஹ்ரி என்று ஒரு வேலைக்காரப் பெண். எழுதப் படிக்கத் தெரியாத மெஹ்ரிக்காகப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மார்ஜிதான் காதல் கடிதம் எழுதித் தருகிறாள். மெஹ்ரி இந்த வீட்டு மகள் அல்ல என்று புரட்சி பேசும் அப்பாவே அவனிடம் சொல்கிறார். அவன் விலகிக்கொள்கிறான்.

மெஹ்ரி அழுவது படத்தில் தெரிகிறது. ஆனால் கட்டத்துக்கு மேலே ஓடும் வரி அவளுக்கு ஒருமுறைகூடக் கிடைப்பதில்லை. அவள் நினைத்ததையும் மார்ஜியே சொல்ல வேண்டியிருக்கிறது, கடிதத்தைப் போலவே. அந்தப் பக்கங்களின் வரிகளை மறைத்துவிட்டு, மெஹ்ரியின் குரலில் புதிதாக எழுதச் சொல்லலாம். படத்தை ஒரு கோடுகூட மாற்றக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.