நிலத்தை விற்கலாமா?

மகளுக்கு இரண்டு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்கிறது. ஒன்று தூரத்து ஊரில், அரசாங்கக் கல்லூரி. கட்டணம் குறைவு. மற்றொன்று வீட்டுக்குப் பக்கத்தில், தனியார் கல்லூரி. கட்டணமோ லட்சக்கணக்கில்!

"பெண் கண்ணெதிரே இருக்கட்டும்" என்கிறாள் தாய். நிலத்தை விற்கத் துணிகிறார் தந்தை.

இது சரியா?

படிப்பு 4½ ஆண்டு. பயிற்சி 1 ஆண்டு. அது முடிந்துவிடும். போன நிலம் திரும்புமா? தம்பியின் படிப்புக்கு என்ன வழி?

கட்டடம் வைத்தியம் கற்றுத் தராது. நோயாளிகளே கற்றுத் தருகிறார்கள். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் காலையில் போய்ப் பாருங்கள். எங்கே கூட்டம் அதிகம்? எண்ணிப் பாருங்கள்.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னைக்குப் போய்ப் படித்தார். 1912-ல் டாக்டரானார். தூரம் அவரைத் தடுக்கவில்லை.

மகள் வெளியூர் போகட்டும். நிலம் ஊரிலேயே இருக்கட்டும்!