கோடு போடும் அதிகாரம் யாருக்கு?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினில், 1928ஆம் ஆண்டின் நகரத் திட்டம் கறுப்பின மக்களைக் கிழக்குப் பகுதிக்கு ஒதுக்கியது. ஊரும் சேரியும் அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகர்மன்றத் தேர்தலில் அப்போது அதிக வாக்குப் பெற்ற முதல் ஐவர் உறுப்பினராயினர். 1951இல் கறுப்பினத் தலைவர் ஆர்தர் டிவிட்டி வெற்றியை நெருங்கினார். 1953இல் முறையே மாற்றப்பட்டது: ஒவ்வோர் இடத்துக்கும் நகரம் முழுவதும் தனித்தனியே வாக்களிக்கும், பெரும்பான்மை பெற்றவரே வெல்வார். சிறுபான்மையினர் ஒன்றுதிரண்டு தம்மவரை அனுப்பும் வழி அடைபட்டது. பின்னாளில் அவர்களுக்குக் கிடைத்த ஓரிரு இடங்களும் எழுதப்படாத ஓர் ஏற்பாட்டின் தயவில் கிடைத்தவையே.

2012இல் நடந்த வாக்கெடுப்பில் பத்து வட்டங்களும், அவற்றை வரையும் பொறுப்பைக் குடிமக்கள் ஆணையத்துக்கு அளிக்கும் விதியும் ஏற்கப்பட்டன. ஆணையத்தில் பதினால்வர். தகுதியுள்ள விண்ணப்பதாரர்களிலிருந்து எண்மர் குலுக்கலில் தேர்வாயினர். நகரின் பன்மை வெளிப்படுமாறு மற்ற அறுவரை அவர்களே சேர்த்தனர். வரைபடத்தைத் திருத்தும் அதிகாரம் நகர்மன்றத்துக்கு இல்லை. இவ்விதிதான் முழு ஏற்பாட்டின் உயிர்நாடி.

2014 தேர்தலில் ஹிஸ்பானியர் மூவர் வென்றனர். அம்மன்றத்தின் முதல் ஹிஸ்பானியப் பெண்ணான டெலியா கார்சா அவர்களுள் ஒருவர். கறுப்பினத்தவர் நிலை வேறு. வீட்டு விலையும் சொத்துவரியும் ஏற ஏற, அவர்கள் கிழக்கிலிருந்து புறநகர்களுக்குச் சிதறிக்கொண்டிருந்தனர். அவர்கள் பெரும்பான்மையாகும் ஒரு வட்டத்தைக்கூட ஆணையத்தால் வரைய இயலவில்லை. முதல் வட்டத்தில் ஓரா ஹூஸ்டன் வென்றார். பிற இனத்தவர் வாக்குகளையும் திரட்டித்தான்.