தோன்றா எழுவாய்

பள்ளிக்கூடத்து இலக்கணம் முழுவதையும் மறந்துவிட்டவர்களுக்கும் ‘தோன்றா எழுவாய்’ என்ற ஒன்று ஞாபகம் இருக்கலாம். ‘வந்தான்’ என்று சொன்னால் வந்தது யார் என்று வாக்கியத்தில் இல்லைதான். ஆனாலும் ‘அவன்’ என்பவன் அங்கே ஒளிந்துகொண்டு நிற்கிறான். வினைமுற்றின் விகுதியே அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. தமிழ் அந்த அளவுக்கு நாணயமான மொழி. காரியம் செய்தவனை வாக்கியத்தின் தலையிலிருந்து நீக்கினாலும், வாலிலே கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிடும்.

அந்த நாணயத்தைக் கெடுக்கவும் ஒரு வழி உண்டு. ‘செய்தான்’ என்று எழுதாமல் ‘செய்யப்பட்டது’ என்று எழுதிவிட வேண்டும். உடனே வேலையே எழுவாயின் ஸ்தானத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். செய்தவன் போன இடம் தெரியாது. செய்யாதவனைப் பற்றியோ கேட்கவே வேண்டாம்.

ஐக்கிய நாடுகள் சபையும் அதன் கிளை ஸ்தாபனங்களும் ஆண்-பெண் சமத்துவத்தைக் குறித்து வெளியிடும் அறிக்கைகள் பெரும்பாலும் இந்த ரக வாக்கியங்களால் ஆனவை. முயற்சிகள் மேற்கொள்ளப்படும், ஒத்துழைப்பு பலப்படுத்தப்படும், பொறுப்பு உறுதி செய்யப்படும். யார் மேற்கொள்வார்? எவர் பலப்படுத்துவார்? உறுதி செய்யாவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? பக்கம் பக்கமாகப் புரட்டினாலும் ஓர் ஆள் அகப்படமாட்டார். கதை எழுதுகிறவனுக்கு உலக விவகாரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வாக்கியம் என் தொழில். பாத்திரமே இல்லாமல் சம்பவங்கள் மட்டும் நடக்கிற ஒரு கதையை எந்தப் பத்திரிகாசிரியரும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளமாட்டார். உலகத்துப் பெண்களிடம் மட்டும் அதை எப்படித் தள்ளிவிடலாம்?

ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1945-ம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாஸனத்தில் கையெழுத்திட்டவர்களில் நாலே நாலு பேர் பெண்கள். அவர்களில் ஒருவரான பிரேஸில் தேசத்து பெர்த்தா லூட்ஸ், பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லத்தான் வேண்டுமா என்று முகம் சுளித்தவர்களோடு மல்லுக்கு நின்றார். சபையின் எந்த அங்கத்திலும் எந்தப் பதவிக்கும் ஆண், பெண் என்ற பேதம் தடையாக இருக்கலாகாது என்று எட்டாவது ஷரத்து சொல்வது அந்தப் போராட்டத்தின் பலன்தான். மனித உரிமைப் பிரகடனம் தயாரானபோது, ‘எல்லா ஆண்களும்’ என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொற்றொடரை மாற்றி, ‘எல்லா மனிதப் பிறவிகளும்’ என்று திருத்த வைத்தவர் நம் நாட்டு ஹன்ஸா மேத்தா. அது 1948-ம் ஆண்டு வெளியான பிரகடனம். யார் சொன்னார், யார் எதிர்த்தார், யார் ஜெயித்தார் என்றெல்லாம் இன்றைக்கும் நம்மால் பெயர் சொல்ல முடிகிறது. அந்த வாக்கியங்களுக்கு எழுவாய் இருந்தது.

பிறகு வாக்குறுதிகள் பெருகின. 1979-ல் பெண்களுக்கு எதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் உடன்படிக்கை. 1995-ல் பெய்ஜிங் மகாநாடு. அங்கே 189 நாடுகள் சேர்ந்து ஒரு செயல் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. வாக்குறுதி பெருகப் பெருக, வாக்குக் கொடுத்தவர்களின் முகம் மங்கிக்கொண்டே வந்தது.

1997-ம் ஆண்டு ஐ.நா.வின் பொருளாதார சமூகக் கவுன்ஸில் ஒரு புதிய கொள்கையை வகுத்தது. சமத்துவம் என்பது ஒரு மூலையில் தனி இலாகாவாக இருக்கக்கூடாது. எல்லா ஸ்தாபனங்களின் எல்லாத் திட்டங்களிலும், பிரதான நீரோட்டத்திலேயே, அதைக் கலந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். எண்ணம் உயர்ந்ததுதான். விவசாயத்துக்குப் பணம் கொடுக்கிறவன் வயலில் நாற்று நடுகிற பெண்ணையும் நினைக்க வேண்டும் என்பதை யார் மறுப்பார்கள்? ஆனால் நீரோட்டத்தில் கலப்பது என்றவுடன் எனக்கு நம் பாட்டிமார்களின் பழமொழிதான் ஞாபகம் வருகிறது. ஆற்றில் கரைத்த புளி! புளி கரைந்தது நிஜம், ஆறும் ஓடுகிறது. குழம்பு எங்கே என்று கேட்டால் மட்டும் யாருக்கும் பதில் தெரியாது. எல்லோருக்கும் பொதுவான வேலை, எவருக்கும் இல்லாத வேலையாக மாறிவிட்டது.

இதைக் கவனித்தவர்களும் இல்லாமலில்லை. 2010-ம் ஆண்டு ஜூலை மாதம், அதுவரை தனித்தனியாக இயங்கிய நான்கு அமைப்புகளை ஒன்றாக்கி, பெண்களுக்கென்று ஒரு ஸ்தாபனத்தைப் பொதுச் சபை உண்டாக்கியது. ‘யு.என். விமன்’ என்பது அதன் பெயர். மற்ற ஸ்தாபனங்களை ஒருமுகப்படுத்துவதும், கொடுத்த வாக்கை அவை காப்பாற்றுகின்றனவா என்று பார்ப்பதும் அதன் கடமைகளில் அடக்கம். ஆண்டுக்கு 50 கோடி டாலராவது வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். முதல் ஆண்டில் கிடைத்த தொகை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் கணக்குக் கேட்கும் உத்தியோகத்தை, அவர்கள் எல்லோரையும்விடச் சிறிய ஒருவனுக்குக் கொடுத்து, அவன் கையில் தடியும் கொடுக்காமல், சம்பளத்தையும் பாதியாக்கினால் அவன் என்ன செய்வான்? கும்பிட்டுக் கேட்பான். கொடுத்ததை வாங்கி எழுதிக்கொள்வான்.

அந்த எழுதிக்கொள்ளும் காரியம் 2012-ம் ஆண்டு தொடங்கியது. ஐ.நா. அமைப்பு முழுவதற்குமாக ஒரு செயல் திட்டம். முதலில் பதினைந்து அளவுகோல்கள். 2018-ல் பதினேழு. பண ஒதுக்கீடு, உத்தியோக நியமனம், தலைமை, பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. எழுபதுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்களும் காரியாலயங்களும் ஆண்டுதோறும் படிவம் நிரப்பி அனுப்புகின்றன. மார்க் போடுவது யார் தெரியுமா? அந்தந்த ஸ்தாபனமேதான்! தன் விடைத்தாளைத் தானே திருத்தும் பாக்கியம் நம் பிள்ளைகளில் யாருக்கு வாய்த்திருக்கிறது? தரங்கள் நான்கு: இன்னும் இல்லை, நெருங்குகிறோம், எட்டிவிட்டோம், மிஞ்சிவிட்டோம். இவை போதாதென்று, ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று ஐந்தாவதாக ஒரு கட்டமும் வைத்திருக்கிறார்கள்.

அவதூறு செய்வது என் நோக்கமல்ல. மார்க்குக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மகளிர் ஸ்தாபனம் அதைப் பார்வையிடவும் செய்கிறது. ஆனால் 2019-ம் ஆண்டு ஐ.நா.வின் சொந்தத் தணிக்கைக் குழுவே இந்தத் திட்டத்தைப் பரிசீலித்துவிட்டு, போட்ட மார்க்குகள் சரியானவைதானா என்று சோதிக்க ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் ஏற்பாடு வேண்டும் என்று சிபாரிசு செய்ய நேர்ந்தது. ஏழு ஆண்டுகள் மார்க் போட்ட பிற்பாடு!

இந்த இடத்தில் என்னை மறிப்பவர்கள் உண்டு. “முன்பு இதுகூட இல்லையே! எண்ணத் தொடங்கினால்தானே எதுவும் நடக்கும்?” என்பார்கள். எண்ண வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எண்ணிக்கை எங்கே பலித்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். 2000-ம் ஆண்டுக்குள் உத்தியோகங்களில் பாதிக்குப் பாதி பெண்கள் என்று பொதுச் சபை தொண்ணூறுகளிலேயே தீர்மானித்தது. அந்த ஆண்டு வந்தது, போயிற்று, பாதி வரவில்லை. பிறகு 2017-ல் பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டெரஸ், தாம் நேரடியாக நியமிக்கும் உயர்ந்த பதவிகளில் அதைச் செய்து காட்டுவதாகச் சொன்னார். 2020 ஜனவரியில் தொண்ணூறு பெண்கள், தொண்ணூறு ஆண்கள் என்று கணக்கு நேராகிவிட்டது. இருபத்தைந்து வருஷம் நடக்காத காரியம் மூன்றே வருஷத்தில் நடந்தது எப்படி? நியமிக்கும் அதிகாரம் ஒரு கையில் இருந்தது. அந்தக் கைக்கு ஒரு பெயர் இருந்தது. தவறினால் உலகம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கும். எழுவாய் தோன்றியது, பயனிலையும் கூடவே வந்தது. அந்த உச்சி நாற்காலியின் கதை வேறு. அதில் யாரை உட்கார்த்துவது என்பதைப் பல நாடுகள் கூடிப் பேசித் தீர்மானிக்கின்றன. 1945 முதல் 2025 வரை அதில் அமர்ந்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள்.

உத்தியோகமும் நாற்காலியும் கிடக்கட்டும். இந்த ஸ்தாபனங்கள் யாருக்காக ஏற்பட்டனவோ அந்தப் பெண்ணிடம் போவோம்.

2018 முதல் 2020 வரை காங்கோ நாட்டின் கிழக்குப் பகுதியில் எபோலா நோய் பரவியது. உயிர் காக்கப் போன வெளியார்களில் உலக சுகாதார ஸ்தாபனம் முக்கியமானது. படிவம் நிரப்பும் ஸ்தாபனங்களில் அதுவும் ஒன்று. அங்கே வேலை தேடி வந்த ஏழைப் பெண்களிடம், வேலை வேண்டுமானால் உடம்பைக் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். 2020 செப்டம்பரில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் இதைச் சொன்னார்கள். பதினேழு அளவுகோல்களும் அவர்களை விசாரிக்கப் போகவில்லை; போனவர்கள் பத்திரிகைக்காரர்கள். செய்தி வெளிவந்த பிறகே அந்த ஸ்தாபனம் விசாரணைக் கமிஷன் வைத்தது. 2021 செப்டம்பரில் கமிஷனின் அறிக்கை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 83 பேர். அவர்களில் 21 பேர் சுகாதார ஸ்தாபனத்தின் சம்பளம் வாங்கியவர்கள். ஸ்தாபனத் தலைவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

ஹெய்ட்டி நாட்டில் நடந்தது இன்னும் கொடுமை. அமைதி காக்கப் போன இலங்கைச் சிப்பாய்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சிறு பிள்ளைகளிடம் முறைகேடாக நடந்ததற்காக 2007-ல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தண்டிக்கும் உரிமை சிப்பாயின் சொந்த நாட்டுக்கே உண்டு என்று ஐ.நா. கையை விரித்தது. 2017-ல் அசோஸியேட்டட் பிரஸ் துருவி எழுதியபோது, ஒருவர்கூடச் சிறைக்குப் போயிருக்கவில்லை. இரண்டு பேருக்குப் பொதுவான பொறுப்பு இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து உடைந்தது.

அந்தப் பெண் எங்கே போய் முறையிடுவாள்? ஐ.நா. சபைக்கு 1946-லும் கிளை ஸ்தாபனங்களுக்கு 1947-லும் ஏற்பட்ட ஒப்பந்தங்கள், அவற்றை எந்த நாட்டுக் கோர்ட்டும் கூண்டில் ஏற்ற முடியாதபடி விலக்கு அளித்திருக்கின்றன. 1979 உடன்படிக்கைக்கு 1999-ல் ஓர் இணைப்பு ஏற்பட்டது. சொந்த நாட்டில் நீதி கிடைக்காத பெண் ஐ.நா.வின் நிபுணர் குழுவுக்கு நேராக மனுப் போடலாம் என்பது அதன் விசேஷம். இலங்கை 2002-ல் அதில் சேர்ந்தது. இந்தியா சேரவே இல்லை. ஆக, யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு உள்ள அந்தக் கதவு மதுரைப் பெண்ணுக்கு இல்லை. இதற்காக நம் சர்க்காரை நான் கண்டிக்கிறேன். ஆனால் அந்தக் கதவும் சர்க்கார்களின் மேல் புகார் சொல்வதற்குத்தான். சர்வதேச ஸ்தாபனத்தின் மேலேயே புகார் என்றால் யாழ்ப்பாணம், மதுரை, காங்கோ எல்லாம் ஒன்றுதான். தட்டுவதற்குக் கதவே கிடையாது. சர்க்கார்களை வாருங்கள், பதில் சொல்லுங்கள் என்று கூப்பிடுகிறவர்கள், தாங்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டாத வீட்டில் குடியிருக்கிறார்கள்.

“அப்படியானால் இந்தச் சபைகளையெல்லாம் இழுத்து மூடிவிடலாமே!” என்று குதூகலிப்பவர்களோடு எனக்குச் சிநேகம் இல்லை. பெண்ணுக்கு நியாயம் வேண்டாம் என்பதற்காகவே அவர்கள் மூடச் சொல்கிறார்கள். வாக்குக் கொடுத்தவன் காப்பாற்றவில்லை என்பதற்காக வாக்கையே கிழித்துப் போடுவது, கடன்காரனுக்குச் செய்கிற உபகாரம்.

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. மார்க் போடுவது வெளியார் கையில் இருக்கட்டும். அந்த வெளியார்களில் அந்தந்த ஊர்ப் பெண்களின் சங்கங்களும் இருக்கட்டும். ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரே இலாகாவின் பெயர் வேண்டாம், ஓர் உத்தியோகஸ்தரின் பெயரை எழுதட்டும்; தவறினால் அவர் பதவி உயர்வு நிற்கட்டும், ஸ்தாபனத்துக்கு வரும் பணம் குறையட்டும். ஸ்தாபனத்தின் ஆளால் கெடுதல் அடைந்தவள் அந்த ஸ்தாபனத்தின் வாசலிலேயே போய் நிற்க வேண்டாதபடி, வேறிடத்தில் ஒரு நியாயஸ்தலம் ஏற்படட்டும். விலக்கு என்பது வேலை தடைப்படாமல் நடக்கக் கொடுத்தது; குற்றத்தை மூடும் போர்வையாக நெய்து கொடுத்ததல்ல.

ஒருங்கிணைப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர் இழுக்க ஊர் கூடத்தான் வேண்டும். ஆனால் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவன் ஒருவன்; அவன் பெயர் ஊருக்கே தெரியும். தேர் தடம் மாறினால் அவனைத்தான் கேட்பார்கள். அதனால்தான் அவன் தூங்குவதில்லை. அடுத்த அறிக்கையை எழுதப்போகும் கனவான்களும் சீமாட்டிகளும் ‘செய்யப்படும்’ என்ற சொல்லை ஒரே ஒரு வருஷம் விலக்கி வைத்து எழுதிப் பார்க்கட்டும். அறிக்கையின் பருமன் பாதியாகும். மிஞ்சுகிற பாதியைக் கையில் வைத்துக்கொண்டு, காங்கோவிலிருக்கும் அந்தப் பெண் யாரைக் கேட்க வேண்டுமோ அவரைக் கேட்பாள்.