ஐந்து மணி நேரக் கல்கத்தா

காசிக்குப் போகும் வழியில், ஹௌராவில் அடுத்த ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. மூட்டைகளுக்குக் காவலாக உட்கார்ந்தே பொழுதைக் கழித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் புதல்வியின் அபிப்பிராயம் வேறு. இத்தகைய வழக்குகளில் ஜெயித்த தகப்பனாரை நான் இதுவரை கண்டதில்லை. மூட்டைகளை ரயில் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டுக் குடும்பத்துடன் புறப்பட்டேன்.

1943-இல் திறந்த ஹௌராப் பாலத்தைக் கடந்து, லால் திகி என்னும் குளத்தண்டை இறங்கினோம். குளத்துக்கு வடக்கே செக்கச் செவேலென்று ரைட்டர்ஸ் கட்டிடம். மேற்கே வெள்ளை விமானம் தாங்கிய பெரிய தபாலாபீஸ். அந்நியர் காலத்தில் டல்ஹௌஸி சதுக்கம் எனப் பெயர் பெற்ற இவ்விடம் இன்று வினய், பாதல், தினேஷ் என்னும் மூன்று வாலிபர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1930 டிசம்பர் 8-ஆம் தேதி அந்தச் சிவப்புக் கட்டிடத்துள் புகுந்து, சிறை இலாகாத் தலைவர் சிம்ப்ஸனைச் சுட்டவர்கள் அவர்கள். மூவரில் மூத்தவருக்கு வயது 22. மூவரும் உயிர் தப்பவில்லை.

அங்கிருந்து தெற்கே நடந்து, 1787-இல் கட்டிய ஸெயின்ட் ஜான் ஆலயத்தை அடைந்தோம். தோட்டத்தின் ஒரு மூலையில் வெண்சலவைக்கல் ஸ்தூபி ஒன்று நிற்கிறது. 1756-இல் நடந்த இருட்டறைச் சம்பவத்துக்குக் கர்ஸான் பிரபு எழுப்பிய ஞாபகச்சின்னம் அது. முதலில் சதுக்கத்தின் அருகேதான் இருந்தது. 1940-இல் சுபாஷ் சந்திர போஸ் கிளர்ச்சி தொடங்கிய பிறகு இங்கே குடியேறிற்று.

"146 பேரை ஓர் அறையில் அடைத்தார்கள், 123 பேர் மாண்டார்கள் என்று சொல்லிக் கொடுப்பீர்களே, அதுவா அப்பா?" என்றாள் பெண்.

"அதுதான்."

"அறை எவ்வளவு பெரியது?"

"ஏறக்குறைய 18 அடி நீளம், 15 அடி அகலம்."

விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "ஓர் ஆளுக்கு இரண்டு சதுர அடிகூட வரவில்லையே! யார் எண்ணினார்கள்?"

உயிர் பிழைத்த ஹால்வெல் என்னும் கம்பெனி உத்தியோகஸ்தர் எழுதிவைத்த கணக்கு அது. மாண்டவர் தொகை அதைவிட மிகக் குறைவு என்பது பிற்காலச் சரித்திராசிரியர் பலருடைய முடிவு. அன்று மனிதர்கள் மூச்சுத் திணறி மடிந்தது மெய். அந்தத் துயரத்துக்கு நாம் தலை வணங்கத்தான் வேண்டும். ஆனால் தொகை ஒருவர் வாய்மொழி. இதை நான் அறியாதவன் அல்லன். அறிந்தும், பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும் விடை என்பதற்காக, இருபது வருஷமாக அதையே கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறேன்.

ரயிலுக்கு நேரமாயிற்று. திரும்பும் வழியில் பெண் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தாள். நான் மௌனமாக இருந்தேன்.

நேயர்களே! பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பாடம் வரும். இம்முறை எண்ணை எழுதும் முன், அதைச் சொன்னவர் பெயரைக் கரும்பலகையில் எழுதப் போகிறேன்.